ஒரு நாள் டிக்கெட்டில் நான்கு சவாரி

நாங்கள் முதன்முதலாகத் தீம் பார்க் போனது பள்ளி விடுமுறையின் நட்டநடுவில், ஒரு சனிக்கிழமை. பூங்கா ஒன்பது மணிக்குத் திறக்கும் என்பது தெரியும். "நாள் முழுக்க அங்கேதானே இருக்கப்போகிறோம், என்ன அவசரம்?" என்று சொன்னவன் நான்தான். பிள்ளைகள் ஆற அமரத் தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பினோம். வண்டி நிறுத்த இடம் தேடி, டிக்கெட் கவுன்டரில் நாற்பது நிமிடம் நின்று, உள்ளே காலடி வைத்தபோது மணி பதினொன்று பத்து. மாலை ஆறரைக்கு வெளியே வந்தோம். இடைப்பட்ட ஏழு மணி இருபது நிமிடத்தில் ஏறிய சவாரிகள் நான்கு. அவற்றில் ஒன்று, பூங்காவைச் சுற்றிவரும் பொம்மை ரயில்.

ஐந்தாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும். ரோலர் கோஸ்டர் வரிசையில் ஐம்பது நிமிடம் நின்று வாசலை எட்டியபோது, ஊழியர் ஒருவர் அளவுகோலை என் மகனின் தலைக்கு நேராக வைத்தார். குறைந்தபட்ச உயரம் 120 சென்டிமீட்டர். ஐந்து வயதில் அவன் 109. அவர் சிரித்த முகத்தோடுதான் மறுத்தார். அவன் அழுத முகத்தோடு திரும்பினான். அதே அறிவிப்புப் பலகை வரிசையின் தொடக்கத்திலும் இருந்திருக்கிறது. நான் அதில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான்கு பேரின் டிக்கெட், வாகன நிறுத்தக் கட்டணம், பைகளை வைக்க எடுத்த லாக்கர், உள்ளே சாப்பிட்ட சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி நான்கால் வகுத்துப் பார்த்தேன். அந்தப் பொம்மை ரயிலுக்கு நாங்கள் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்பதை மனைவியிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை போயிருக்கிறோம். நான் இதில் நிபுணன் ஒன்றும் இல்லை; தப்புக் கணக்குப் போட்டு, பிறகு கொஞ்சம் சரியாகப் போடக் கற்றுக்கொண்டவன். அப்படிக் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி வரிசையைப் பற்றியது.

முதல் நாள் நாங்கள் செய்த பெரிய தவறு, தாமதமாகப் போனதற்கு அடுத்தபடியாக, குட்டையான வரிசையாகப் பார்த்துப் போய் நின்றது. கண்ணுக்கு நியாயமாகத் தெரிந்த முடிவு. சுழலும் கிண்ணங்கள் கொண்ட ஒரு சிறிய சவாரியில் நூற்றுச் சொச்சம் பேர்தான் நின்றார்கள். எதிரே படகுச் சவாரியில் வரிசை பாம்பு போல மூன்று மடிப்பு மடிந்து கிடந்தது. கிண்ணத்துக்குப் போனோம், அரை மணி நேரம் ஆயிற்று. பிறகுதான் புரிந்தது. கிண்ணத்தில் ஒரு தடவைக்கு 16 பேர். ஏற்றி, பட்டி மாட்டி, சுற்றி, இறக்க நான்கு நிமிடம். மணிக்கு 15 சுற்று என்றால் 240 பேர். ஆக, 120 பேர் என்பது அரை மணி நேரம். படகுச் சவாரியிலோ, 20 பேர் அமரும் படகு நாற்பது விநாடிக்கு ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. மணிக்கு 1800 பேர். மூன்று மடிப்பில் 500 பேர் நின்றிருந்தால்கூடப் பதினேழு நிமிடத்தில் ஏறியிருப்போம்.

வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். இதன் பொது வடிவத்தை ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் கணித முறைப்படி நிறுவினார். லிட்டில் விதி என்றே அதற்குப் பெயர். பூங்காவில் நிற்பவனுக்கு ஒரு கைக்கடிகாரம் போதும். எந்தச் சவாரியின் முன்னாலும் இரண்டு நிமிடம் நின்று, எத்தனை பேர் இறங்கி வருகிறார்கள் என்று எண்ணுங்கள். மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கும் சிறிய சவாரிகள் எவை என்று தெரிந்துவிடும். அவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். படகு, ரயில், இருட்டு அறைக்குள் வண்டியில் போவது போன்றவை ஆட்களை விழுங்கிக்கொண்டே இருக்கும். மதியம் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வாசலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சில பூங்காக்களில் வரிசையில் சேரும் ஒருவர் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஏறும் இடத்தில் அதை வாங்கி நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு பலகைக்கு வரும்போது நிலைமை மாறியிருக்கும். திறந்த முதல் மணி நேரத்தில் வரிசை வளர்ந்துகொண்டிருப்பதால் பலகை குறைவாகக் காட்டலாம். மாலையில் வரிசை கரைந்துகொண்டிருப்பதால் கூடுதலாகக் காட்டலாம். மாலையில் "45 நிமிடம்" என்று பார்த்துவிட்டு, பிள்ளைகள் கெஞ்சியதால் போய் நின்று, இருபத்தைந்தில் ஏறியிருக்கிறோம்.

இரண்டாவது முறை போனபோது எனக்கு வெறி ஏறியிருந்தது. விடுமுறை இல்லாத ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளுக்கு லீவு போட வைத்தேன். டிக்கெட்டை மூன்று வாரம் முன்பே இணையத்தில் வாங்கினேன். எந்தச் சவாரி எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே நடக்க எத்தனை நிமிடம் என்று அட்டவணை போட்டு, அச்செடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திறப்பதற்கு நாற்பது நிமிடம் முன்னதாக வாசலில் நின்றோம்.

அந்த நாற்பது நிமிடம் மட்டும் மறுபேச்சில்லாமல் நான் செய்த சரியான காரியம். பெரும்பாலோர் முதல் முறை நாங்கள் போனதுபோலத்தான் வருகிறார்கள். கூட்டம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வந்து நிரம்பிக்கொண்டே இருக்கும். திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து சவாரி ஏறினோம். முதல் விஜயத்தின் முழு நாளைவிட ஒன்று அதிகம். சில பூங்காக்களில் வெளிவாசலை முன்கூட்டியே திறந்து, உள்ளே ஒரு கயிறு கட்டி நிறுத்திவைப்பார்கள் என்பதையும் அன்றுதான் கண்டேன். ஒன்பது மணி என்று போட்டிருந்தால், சவாரி ஓடத் தொடங்கும் நேரமா, வாசல் திறக்கும் நேரமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே போனதும் வாசலை ஒட்டிக் கண்ணில் படும் முதல் பெரிய சவாரியில் எல்லோரும் குவிந்தார்கள். நாங்கள் அதைத் தாண்டி, கோடியில் இருந்ததற்கு முதலில் போனோம்.

ஆனால் புதன்கிழமை பற்றிய என் நம்பிக்கை பத்தரை மணிக்கு ஆட்டம் கண்டது. ஆறு பஸ்களில் பள்ளிச் சுற்றுலா வந்து இறங்கியது. வார நாள் என்றால் காலியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: விடுமுறை இல்லாத நாட்களில் குடும்பங்கள் வருவதில்லை, பள்ளிக்கூடங்களே வருகின்றன. ஒரு வகுப்பு வரிசையில் சேர்ந்தால் ஒரேயடியாக ஐம்பது பேர். ஒரு நல்ல விஷயம், அந்த பஸ்கள் மாலைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். இரண்டரை மணிக்கு மேல் ஆசிரியர்கள் தலை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மூன்றுக்குப் பிறகு பூங்காவே எங்களுடையதுபோல இருந்தது.

இன்னொன்றும் எதிர்பாராதது. கூட்டம் குறைவான நாளில் பூங்காக்காரர்கள் ஆட்களையும் வண்டிகளையும் குறைத்துவிடுகிறார்கள். 24 பேர் அமரும் ரோலர் கோஸ்டர் ரயில் இரண்டு ஓடி, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பினால் மணிக்கு 960 பேர் போகலாம். ஒன்றை நிறுத்திவிட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை விட்டால் 480. கூட்டம் பாதி, வேகமும் பாதி. காத்திருப்பில் மாற்றமே இல்லை. பராமரிப்புக்காகச் சவாரிகளை மூடிவைப்பதும் இந்த மாதிரி நாட்களில்தான். மகள் எந்தத் தண்ணீர்ச் சவாரிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாளோ, அதைச் சுற்றித் தகர அடைப்பு கட்டியிருந்தார்கள். பூங்காவின் இணையதளத்தில் அந்தத் தகவல் இருந்தது. டிக்கெட் வாங்கிய ஆர்வத்தில் அந்தப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அன்று பதின்மூன்று சவாரி ஏறினோம். நான் பெருமையோடு எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்காவதற்குப் போகும் வழியில் மகன் தரையில் படுத்துவிட்டான். மகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அட்டவணையை வெளியே எடுத்ததும் மனைவி அதை வாங்கி நான்காக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அலுவலகத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், வாங்க" என்றாள். ஒரு சவாரிக்கு ஆன செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருந்தது. வீடு திரும்பும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை.

மூன்றாவது முறைக்கு முன்னால் மனைவி ஒரு விதி போட்டாள். ஆளுக்கு ஒரே ஒரு சவாரி, 'இது இல்லாமல் வர மாட்டேன்' என்பது, முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த நான்கையும் காலையில் முடித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் கிடைத்தால் கிடைக்கட்டும். அப்படியே செய்தோம். பதினோரு மணிக்கு நான்கும் முடிந்துவிட்டன. அதன் பிறகு யார் முகத்திலும் பதற்றம் இல்லை. வெயில் உச்சியில் இருந்தபோது குளிரூட்டிய அரங்கில் ஒரு காட்சி பார்த்தோம். எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும்போது சாப்பாட்டுக் கடையிலும் வரிசைதான், பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட்டோம். மாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம், ஒன்பது சவாரியோடு.

சின்னச் சின்னத் தந்திரங்கள் சில கைவசம் உண்டு. தனியாள் வரிசை என்று சில சவாரிகளில் ஒரு தனி வழி இருக்கும். இருவர் இருவராக அமரும் வண்டியில் மூவராக வரும் குடும்பத்தால் ஓர் இடம் காலியாகும். அதை நிரப்பத்தான் அந்த வரிசை. பக்கத்தில் உட்கார்ந்து கத்தாவிட்டால் குறை ஒன்றும் இல்லை என்பவர்கள் அதில் போகலாம். மகளும் நானும் அப்படிப் போய், ஒரு மணி நேர வரிசையைப் பத்து நிமிடத்தில் கடந்தோம். உயரம் போதாத பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்குப் பல பெரிய பூங்காக்களில் மாற்றுமுறை உண்டு: ஒருவர் ஏறிவரும்வரை மற்றவர் பிள்ளையோடு இருந்துவிட்டு, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதை யாரும் வலிய வந்து சொல்வதில்லை. வாசலில் நிற்கும் ஊழியரிடம் நாமே கேட்க வேண்டும். முதல் நாள் மனைவி கேட்டிருந்தால் அவளாவது ஏறியிருப்பாள். நான் என்று எழுத வந்து மனைவி என்று எழுதியிருக்கிறேன். அன்று கேட்க வேண்டியவன் நான்தான்.

ஊர்வலமோ வாணவேடிக்கையோ நடக்கும்போது பெரிய சவாரிகளின் வரிசை சட்டென்று தளரும். மின்னல் அடித்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்துவார்கள். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்புவார்கள். மழை விட்டு அரை மணி நேரத்தில் திரும்ப ஓட்டத் தொடங்கும்போது மழைச்சட்டையோடு நிற்பவர்களுக்கு அதிர்ஷ்டம். மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் வரிசையில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றிவிட்டுத்தான் மூடுவார்கள். தண்ணீர்ப் பூங்காவில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். வெயில் ஏறினால்தான் ஆட்கள் தண்ணீரில் இறங்குவார்கள். காலையில் குளிரைப் பொறுத்துக்கொள்பவர்களுக்குச் சறுக்குகள் காலியாக இருக்கும்.

இனி டிக்கெட். இதில்தான் மனிதர்கள் நேரெதிர் மூலைகளில் போய் நிற்கிறார்கள். சிலர் மிக மலிவானதை வாங்கி நாள் முழுக்க வரிசையில் கழிக்கிறார்கள். சிலர் மிக விலையுயர்ந்ததை வாங்கி, அது தேவைப்படாத நாளில் போகிறார்கள்.

ஒரு காலத்தில் இது எளிமையாக இருந்தது. அமெரிக்காவின் டிஸ்னிலாண்டு 1955-இல் திறந்த சில மாதங்களிலேயே சவாரிகளை வகுப்புகளாகப் பிரித்து டிக்கெட் புத்தகம் விற்கத் தொடங்கியது. சாதாரண சவாரிக்கு 'ஏ' டிக்கெட். 1959-இல் சேர்ந்த 'இ' டிக்கெட் மிகச் சிறந்தவற்றுக்கு. அந்தப் பெயர் அங்கே பேச்சுவழக்கிலேயே கலந்துவிட்டது. 1983-இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, ராக்கெட்டில் கிளம்பியதை 'இ டிக்கெட்' என்றுதான் வர்ணித்தார். ஏறியதற்கு மட்டும் காசு என்ற அந்த முறை 1982-இல் முடிந்து, ஒரே கட்டணத்தில் எல்லாச் சவாரியும் என்றானது. அதாவது, வரிசையில் வீணாகும் நேரத்தின் நஷ்டம் முழுவதும் அன்றிலிருந்து நம் தலையில். 1999-இல் டிஸ்னி பூங்காக்களில் குறித்த நேரத்தில் வந்து ஏறும் இலவசச் சீட்டு வந்தது. அமெரிக்காவில் உள்ள அதன் பூங்காக்களில் 2021-இல் அதன் இடத்தைக் கட்டண முறை பிடித்துக்கொண்டது. 2016-இல் அதே டிஸ்னிலாண்டு ஒரு நாள் டிக்கெட்டுக்கு நாளைப் பொறுத்து மூன்று விலை வைத்தது. இப்போது பல நாடுகளில் பல பூங்காக்கள் இந்த வழியில் போகின்றன.

நாளுக்கு நாள் விலை மாறுவதைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. எந்த நாளில் கூட்டம் வரும் என்பது பூங்காவைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. அந்த ரகசியத்தை விலைப் பட்டியலில் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். மாத நாட்காட்டியைத் திறந்து விலை மட்டும் பாருங்கள். மிகக் குறைந்த நாள் எதுவோ, அன்று கூட்டம் வராது என்று அவர்களே எண்ணுகிறார்கள். ஆனால் அன்று பூங்கா எத்தனை மணிக்கு மூடுகிறது, எவை பராமரிப்பில் இருக்கின்றன என்றும் பார்த்துவிட வேண்டும். ஐந்து மணிக்கே மூடும் நாளின் மலிவு, மலிவே இல்லை. மிகக் குறைந்த விலை நாளை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த படி விலையில் ஒரு நாளை எடுப்பது என் வழக்கமாகிவிட்டது.

விரைவு வரிசைக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. ஏறும் இடத்துக்கு அருகில் இரண்டு வரிசையும் சேரும்; ஊழியர் பாஸ்காரர்களைக் கொத்தாக உள்ளே விட்டுவிட்டு, நம் பக்கத்தில் கொஞ்சம் பேரை விடுவார். அவர்கள் மிச்சப்படுத்தும் நேரத்தை நாம் கொடுக்கிறோம். கடுப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்காகப் பார்த்தால், வெகு தொலைவிலிருந்து வருபவர், அந்த ஒரே நாள்தான், அதுவும் விடுமுறை நெரிசலில் என்றால் வாங்கலாம். கூட்டமில்லாத நாளில் அதிகாலையில் போகிறவருக்கு அது தண்டச் செலவு. முடிவெடுக்கத் தயக்கம் இருந்தால், உள்ளே போய் முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு வாங்க முடியுமா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் முடியும், சில இடங்களில் விற்றுத் தீர்ந்திருக்கும்.

இரண்டு நாள் டிக்கெட்டில் இரண்டாவது நாளின் விலை முதல் நாளைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். தங்கும் செலவைச் சேர்த்தால் அந்த லாபம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வருடாந்திரப் பாஸ், மூன்று முறை போனால் போட்ட காசு வந்துவிடும் என்று என் அக்கா வாங்கினாள். நெரிசல் மிகுந்த நாட்களில் அது செல்லாது என்று சிறிய எழுத்தில் இருந்தது. அவள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாட்களும் அதே நாட்கள்தான். இரண்டு முறை போனாள். "விட்டுத் தள்ளு, அந்த இரண்டு முறையும் நன்றாகத்தான் இருந்தது" என்கிறாள். எனக்கு அந்த மனம் வாய்க்கவில்லை. தேதி குறித்த டிக்கெட்டை மாற்ற முடியுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பணம் என்ன ஆகும் என்பதையும் அந்தச் சிறிய எழுத்தில்தான் தேட வேண்டும்.

குழந்தைக் கட்டணம் சில பூங்காக்களில் வயதை வைத்து, சிலவற்றில் உயரத்தை வைத்து. இந்த உயர விஷயத்தைத்தான் நாங்கள் கடைசியாகக் கற்றுக்கொண்டோம். பிள்ளைக்கு எந்த நாளில் டிக்கெட் வாங்குகிறோம் என்பதைவிட எந்த உயரத்தில் வாங்குகிறோம் என்பது கணக்கைப் புரட்டிப்போடுகிறது. முழுக் கட்டணம் கொடுத்துப் பாதிச் சவாரிகளில் ஏற முடியாத ஓர் உயரம் இருக்கிறது. என் மகன் மூன்று முறையும் அந்த உயரத்தில்தான் போனான்.

அதனால் அடுத்த பயணத்துக்கு நான் அட்டவணை எதுவும் போடவில்லை. சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் மேலே, மகனே ஸ்கேல் வைத்துக் கிழித்த இன்னொரு கோடு. மாதத்தின் முதல் ஞாயிறன்று அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நிற்கிறான். குதிகாலைத் தூக்குகிறானா என்று அவன் அக்கா குனிந்து பார்க்கிறாள். போன மாதம் 118.